இருபது காசு, ஒரு புள்ளி குறைவு

செவ்வாய்க்கிழமைகளில் பிடோக்கில்
சலவைக்கடை இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து
காசு அள்ளுவது என் வேலை.
சோப்புத்தூள் ஒட்டிய ஈரச் சில்லறை.
தட்டில் கொட்டும்போதே
விரல் தானாகப் பொறுக்கும்:
கறுத்தது, விளிம்பு நசுங்கியது,
மலேசியக் காசு,
ஒருமுறை சட்டைப் பொத்தான்.

இது இருபது காசு.
சின்னத்தைச் சுற்றி ஊர்ப்பெயர்
நான்கு மொழியில் ஓடுகிறது.
தமிழில் மட்டும்
கடைசி ர-வின் தலைமேல் புள்ளி இல்லை.
அழுக்கோ என்று நகத்தால் சுரண்டினேன்.
இல்லாததை எங்கே சுரண்ட?

பெனின்சுலா பிளாசா, இரண்டாம் மாடி.
குவெக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டார்.
"கிரீஸ் லா, மிஸ் வடிவு.
அச்சில் எண்ணெய் அடைச்சுக்கிட்டா
சின்னக் குழிதான் முதல்ல மூடும்.
துடைச்சா போச்சு."
அவர் ஆங்கிலத்தில் சொன்னார்
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்.

கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார்.
லென்ஸ் இல்லாமல் தெரிகிறதா?
எனக்குத் தெரிந்தது.
அவருக்குத் தெரியவில்லை.
"உன் கண் கணக்கில் வராது,
நீ படிக்கிற ஆள்."

எழுத்து இரட்டையாய்த் தெரிகிறதென்று
தினம் ஒருத்தன் வருகிறானாம்.
அச்சிலேயே இரட்டை என்றால் உட்காரவைத்து
காப்பி வாங்கித் தருவாராம்.
முக்கால்வாசி, அடித்த கணத்தில்
இயந்திரம் நடுங்கியது.
நடுக்கத்துக்கு விலை கிடையாது.

"அப்ப இதுக்கு?"
"இருபது காசு."
சிரிக்காமல்தான் சொன்னார்.

கிளம்பும்போது இழுப்பறையைத் திறந்தார்.
அதுவும் ஒரு இருபது காசு.
சீன எழுத்தில், மண்ணைக் குறிக்கும் பக்கத்தில்
ஒரு கோடு விழவில்லை என்றார்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்
வைக்காமலும் பார்த்தேன்
அவர் விரல் நுனி வரை பார்த்தேன்.
எனக்கு எல்லாக் கோடும் இருந்தது.
"விலை என்ன?"
இழுப்பறையை மூடினார்.
"இதுவா? இது கிரீஸ்."

ரயிலில் உட்கார்ந்து மறுபடி எடுத்தேன்.
ஓலையில் எழுதியவர்கள்
இலை கிழியுமென்று புள்ளியே வைக்கவில்லையாம்.
அவர்கள் கணக்கில் இது சரியான காசு.
பள்ளிக்கூடக் கணக்கில்
புள்ளி போன மெய்க்கு உயிர் வந்துவிட்டது.
என் வீட்டுப் பேச்சில்
வாக்கியம் ஒன்று தொடங்கிப் பாதியில் நிற்கிறது:
சிங்கப்பூர

சிங்கப்பூர என்ன?
சுத்திப் பாக்கவா, விட்டுப் போகவா?
திருப்பினால் விமான நிலையம்.
எதிரே ஒரு பையன்
நான் காசைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து
கைப்பேசிக்குள் குனிந்துகொண்டான்.

அடுத்த செவ்வாய், மூன்றாம் எண் உலர்த்தியில்
இன்னொன்று.
அதே ஆண்டு, அதே ர.
தலைமேல் முள் முனை அளவுக்கு
பாதிப் புள்ளி.
யாரோ துடைத்திருக்கிறார்கள் அல்லது
எண்ணெய் தானே கசிந்து விலகியிருக்கிறது.
ஆலையின் அந்த ஒரு மதியம்
என் தட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் உறைத்தது,
இரண்டையும் யாரிடமாவது காட்டினால்
எங்கே பிழை என்பார்கள்.
முழுப்புள்ளி வைத்த காசும் ஒன்று
பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதைத் தேடத்தான் நேரமானது.
நல்ல காசை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.
கீறல் இல்லாதது, கறை இல்லாதது,
புள்ளி உருண்டையாய் நிற்பது வேண்டும் என்று
நூற்று எண்பது காசுகளைப் புரட்டினேன்.
கடையில் ஒருவர்
சில்லறைக்காகப் போர்வையோடு காத்திருந்தார்.

பொத்தான் போடும் பிளாஸ்டிக் உறையில் மூன்றும் இருக்கின்றன.
கணக்குத்தாளில் அறுபது காசு குறைந்தது.
என் பர்சிலிருந்து போட்டேன்,
போடும் முன்
அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு.