ஒரே ஓட்டை

டிவிக்குப் பின்னால் ஒரே ஓட்டைதான்.
அதுவும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு.

சம்பளம் போட்ட சனிக்கிழமை
நானும் லிப்சாவும்
காதர்பேட்டை தாண்டி பொங்கியண்ணன் கடைக்குப் போனோம்,
புருவத்தில் பஞ்சுத்தூசியோடு.

"என்ன டிவிங்க?"
பேரைச் சொன்னேன்.
சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன்.
பல்லடம் ரோட்டில் மூடிப்போன லாட்ஜின்
இருநூற்றி நாலாம் அறை டிவி அது.
இன்னமும் போட்டவுடனே
'நல்வரவு' என்கிறது எங்களுக்கு.

மேசைமேல் மூன்று டப்பி வைத்தார்.

"செவப்புல உங்க சீரியல் ஆப் வருமுங்க.
இந்தப் புள்ளையோட ஒடியா வராது.
அந்தக் கம்பெனிக்கும் இந்தக் கம்பெனிக்கும்
பேச்சுவார்த்தை இல்லீங்க, பங்காளியாட்ட.
கறுப்புல ஒடியா வரும்.
உங்களுதும் வரும்னு அட்டைல போட்டிருக்குது,
போன மாசத்தோட நிறுத்திப்போட்டாங்க."
வெள்ளையை நான் தொட்டேன்.
"அதுல எல்லாமே வரும். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க.
சுத்திக்கிட்டே கெடக்கும், செக்கு மாடாட்ட."

லிப்சாவுக்குத் தமிழில்
எவ்ளோ, போதும், டீ, ஓவர்டைம்.
எனக்கு அவள் பாஷையில் பாணி என்றால் தண்ணி.
அதோடு சரி.
அதை வைத்துத்தான் பதினாலு மாதமாக
ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஒரு பக்கெட்.

அவள் சிவப்பை எடுத்து என் கையில் திணித்தாள்.
நான் கறுப்பை எடுத்து அவள் கையில்.
அவள் தலையாட்டினாள், வேண்டாமென்று.
நானும் ஆட்டினேன்.
"சித்தெ சீக்கிரம் சொல்லுங்கம்மிணி,
பின்னால ஆளு நிக்குது."

என் போனிலாவது சீரியல் ஓடும்.
அவள் போனில் இடமே இல்லை:
தம்பி கல்யாண வீடியோ
ஒன்றையும் அழிக்க மாட்டாள்.
இதையெல்லாம் அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது.
கம்மென்று கறுப்புக்குப் பில் போடச் சொன்னேன்.
ரெண்டாயிரத்து நானூறு. ஆளுக்குப் பாதி.
பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டாராம்.

டிவியைக் கோணலாக நகர்த்திச் சொருகினோம்.
நல்வரவு.
பிறகு மொழியைத் தேர்ந்தெடு என்றது.
பத்தொன்பது இருந்தன. ஜப்பான்கூட இருந்தது.
எங்கள் இரண்டையும் காணோம்.
இங்கிலீஷை அமுக்கினோம், தெரிந்தவர்கள் மாதிரி.
அப்புறம் அப்டேட்.
நாற்பத்தேழில் நின்றது.
ரசம் வைத்து, தின்று, பாத்திரம் கழுவி வந்தாலும்
நாற்பத்தேழு.

என் சீரியலில் இன்றைக்கு ஒரு கொலை பாக்கி.
போகட்டும், திங்கட்கிழமை
செக்கிங் டேபிளில் எட்டு பேர் சொல்வார்கள்,
எட்டு விதமாக.

பதினொன்றரைக்கு மேல் திடீரென்று வெளிச்சம்.
அவள் ஊர் மேடை நாடகம்.
தங்கக் கிரீடம், புகை, காது கிழியும் சத்தம்.
லிப்சா சுவரில் சாய்ந்து
வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.
கீழே ஒருத்தன் ரத்தத்தோடு கிடந்து
பாணி, பாணி என்றான்.

எனக்குப் புரிந்தது.
யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.