வடிகட்டியது போக

வினிபெக். ஏப்ரல் கடைசி வாரம்.
ஓட்டலின் மூன்றாம் மாடி, அமர்வு நான்கு-பி,
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான துரதிர்ஷ்ட நேரம்.
இருபத்து மூன்று பேர். இருவர் தூங்கினார்கள்.
ஒருவர் தன் நாளைய உரையின் ஸ்லைடுகளைத்
திருத்திக்கொண்டிருந்தார்; அது தூக்கத்தைவிடக் கொடிது.

எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
வெள்ளம் நின்ற ஆறு நாளில்
உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
எங்கள் வடிகட்டி அவற்றை
இரண்டாயிரத்து அறுநூறாகச் சுருக்கும் என்றேன்.
வரைபடத்தின் மேல் புள்ளிகள் விழுந்தன,
அளவாய், நுணுக்கமாய்,
யாருமே சாகாத மாதிரி அழகாய்.
ஓரிடத்தில் அழைப்பு கூடக் கூடச் சிவப்பு: உடனே போ.
குறைந்தால் பச்சை: காத்திருக்கலாம்.

அமர்வின் தலைவர் வால்டர் ஃப்ரீசன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி,
"மன்னிக்கணும், எனக்கு இரண்டும் ஒன்றுதான்,
பிறவியிலேயே" என்றார்.
"சேற்று நிறம். நம்ம ஆறு மாதிரி."
எல்லாரும் சிரித்தார்கள், தூங்கியவர்களில் ஒருவர்கூட.

எட்டு வருஷமாகப் படம் போடுகிறேன்.
நூறு ஆண்களில் எட்டுப் பேருக்கு இப்படி என்று
முதலாண்டு மாணவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன்.
நம் பேச்சில் இதற்கொரு வசவு உண்டு:
வடிகட்டின முட்டாள்.
வடிகட்டியே பிழைப்பவளுக்கு
அளவெடுத்துத் தைத்த சட்டை.

கேள்வி நேரம்.
மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் மஞ்சள் டீ-ஷர்ட் பெண்,
அட்டையில் கோலீன் டெஷார்லே, தன்னார்வலர்,
யாரிடமும் நீட்டாமல்
தன் வாய்க்கே கொண்டுபோனாள்.
"முதலில் எதைக் கழித்தீர்கள்?"

நகல்களை, என்றேன். சுலபமான பதில்.
ஒரே எண்ணிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்
எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணுவோம்.
பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழைப்பார்கள், இல்லையா?

"எங்கள் தெருவில் அன்றைக்கு
ஒரு போனில்தான் சார்ஜ் இருந்தது," என்றாள்.
"சித்தப்பாவோடது. வீடு வீடாகக் கை மாறியது.
பதினான்கு வீடு."

புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் கேட்டது.
நான் சொன்னது இதுதான், பதிவிலும் இருக்கிறது:
"நல்ல கேள்வி. காபி இடைவேளையில் பேசலாம்."
கருத்தரங்குகளில் இதற்கு அர்த்தம்
பேச வேண்டாம் என்பது.

ஆனாலும் தேடிப் போனேன்.
அடுத்த அறையில் முட்டி போட்டு
வயர்களைத் தரையோடு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
எந்தத் தெரு என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.
லேப்டாப்பைக் கம்பளத்தில் வைத்துத் திறந்தோம்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்.
ஒரு புள்ளி. பச்சை.
"ஆமாம், காத்திருந்தோம்," என்றாள்
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

சிறந்த கட்டுரைப் பரிசு
இதே கருத்தரங்கின் பத்தாண்டுக் கட்டுரைகளை
யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று
நட்சத்திரக் கூட்டமாய் வரைந்தவர்களுக்குப் போனது.
கை தட்டினேன். நல்ல படம்தான்.

இரவு அறையில் அந்த ஒரு வரியை
நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தோராயிரமும் வந்து விழுந்தன.
ஆறு தெரியவில்லை, ஊர் தெரியவில்லை,
திரை முழுக்க ஒரே அப்பல்.
இதை எந்த இதழும் போடாது.
போட்டாலும், இதைப் பார்த்து
ஒரு படகைக்கூட எங்கும் அனுப்ப முடியாது.
வரியைத் திரும்பப் போட்டேன்.
பிறகு எடுத்தேன்.
பிறகு போட்டு, பக்கத்தில்
பதினான்கு என்று மட்டும் குறித்துவிட்டு மூடினேன்.

காலையில், விமானத்துக்கு முன், பாலத்தில் நின்றேன்.
செந்நதி என்று பெயர்; நிறம் ஃப்ரீசன் சொன்னதுதான்.
கடைசிப் பனிக்கட்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன.
எண்ண ஆரம்பித்தேன், தொழில் பழக்கம்.
முப்பதைத் தாண்டியதும் சந்தேகம்:
தூணருகே சுழலில் சுற்றும் அந்த ஒன்றை
ஏற்கெனவே எண்ணிவிட்டேனா,
இல்லை, இது வேறா.