வினா எண் 14 (ஆ)

நாகமலை அடிவாரத்தில் மதிப்பீட்டு முகாம்.
தாளுக்கு இத்தனை ரூபாய், பகலுணவு நம் செலவு.
மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார
நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும்.
நான் கௌரவ விரிவுரையாளர்.
சுவரோரம்.

'வெளிப்படைச் செயற்பணி, உள்ளுறைச் செயற்பணி:
தக்க சான்றுடன் வேறுபடுத்துக.' பத்து மதிப்பெண்.

காலையில் திருத்திய இருபத்தைந்தில்
பத்தொன்பது தாள்களில் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார்.
வெளிப்படை, பக்தி. உள்ளுறை, ஒற்றுமை.
மூன்றில் சமூகம் ஓர் உடம்பு;
குடும்பம் இதயம், கல்வி மூளை,
கல்லீரலை யாருக்கும் ஒதுக்கவில்லை.
ஆறு, ஏழு, ஆறு, ஐந்தரை.

இருபத்தாறாவது தாளில் குடங்கள்.

"அனுப்பானடியில் எங்கள் தெருவுக்கு
ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும்.
லாரிக்கு முன்பே குடங்கள் வந்துவிடும்.
பச்சைக் குடம் என்றால் சோலையம்மாள்.
கழுத்தில் விரிசல் விட்டது ராக்கு அக்கா.
பிடி அறுந்த பெயின்ட் வாளி துரைச்சி வீடு.
ஆள் அடுப்படியில் இருந்தாலும்
குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு.
யாரும் யார் குடத்தையும் நகர்த்த மாட்டார்கள்.
இதற்குப் போலீஸ் இல்லை.
நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தோம்,
மூன்று தெரு கூடிவிட்டது.

வெளிப்படைச் செயற்பணி: தண்ணீர்.

போன வருடம் குழாய் வந்தது, வீட்டுக்கு ஒன்று.
ஐப்பசியில் சோலையம்மாள் இறந்து
இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை.
ஒரு வீட்டில் குழாய் திறக்காதது
அடுத்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?
லாரிக் காலமாக இருந்தால்
பச்சைக் குடம் இல்லாத இடத்தை
காலை ஆறு மணிக்கே பார்த்திருப்போம்.

உள்ளுறைச் செயற்பணி: அது."

பேனாவை மூடி வைத்தேன்.
விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
அதில் சோலையம்மாள் இல்லை.

அடுத்த பக்கத்தில் கையெழுத்து சரிந்திருந்தது,
நேரம் போதாமலோ, வேறெதனாலோ.

"துரைச்சி என் அம்மா.
எத்தனை மணிக்கு வைத்தாலும்
எங்கள் வாளிதான் கடைசி.
சோதித்துப் பார்க்க ஒருநாள்
விடியற்காலை நாலு மணிக்கு வைத்தேன்.
யாரும் அதைத் தொடவில்லை.
தொடாமலே அதற்கு முன்னால்
பதினேழு குடங்கள் வந்து நின்றன.
குழாய் வந்த அன்று அம்மா
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வழக்கம் நிலைத்திருந்தால்
அதற்கொரு செயற்பணி இருக்கும் என்கிறது பாடம்.
இருந்தது. பதினேழு வீட்டுக்கு.
சோலையம்மாளுக்காக நானும் அழுதேன்.
பழையபடி லாரியே வரட்டும் என்று மட்டும்
எனக்குச் சொல்ல வரவில்லை.
ஆகவே சமநிலை எனப்படுவது"

அத்தோடு மணி அடித்திருக்க வேண்டும்.

அந்தப் பாதி வாக்கியத்தின் பக்கத்தில்
ஒன்பது என்று போட்டேன்.
எட்டைத் தாண்டினால் தலைமைத் தேர்வாளர் கூப்பிடுவார்.
கூப்பிட்டார்.
"நல்லா எழுதியிருக்கு. முடிவுரை இல்லையேம்மா?"
இல்லை சார்.
"அறிஞர் பேர் ஒண்ணுகூட இல்ல."
இல்லை சார்.
"மத்த தாளெல்லாம் ஏழுல நிக்குது.
ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நின்னா
மறுமதிப்பீடு, விளக்கக் கடிதம்...
உங்களுக்கு இன்னும் நாலு மாசச் சம்பளமே வரலைல்ல?"
தேனப்பன் சார் அக்கறையாகத்தான் கேட்டார்.

ஏழு.

சாயங்காலம், பெரியார் நிலையத்துக்குப் போகிற பேருந்து
நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டேன்.
முண்டியடித்து ஏறிப் பார்த்தபோது
பை இருந்தது. இடம் இருந்தது.
யாரும் நகர்த்தவில்லை.
விரலில் ஒட்டிய சிவப்பு மையைத்
தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
காளவாசல் வரைக்கும்
என் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி,
காலிடுக்கில் கீரைக் கூடை.

எனக்கு வெகுமுன்பே
நிறுத்தத்துக்கு வந்து நின்றிருந்தவள்.