வரவு அதிகம்

பள்ளத்தூர் வீட்டைப் பதினொரு புள்ளியாய்ப் பிரிக்கிற நாளில்
சைகோன் பெட்டி திறந்தது.
பூட்டை உடைத்தவர் வக்கீல் குமாஸ்தா.
உள்ளே பேரேடு ஏழு,
ரப்பர் வளையம் உருகி ஒட்டிய கடிதக் கட்டு.

மன்மத வருஷம், ஐப்பசி ஆறு.
பிள்ளையார் சுழிக்குக் கீழே
மேலாள் ஆவிச்சியின் நுணுக்கெழுத்து:
‘கீழ்க்கட்டு அச்சாபீஸ் வாடகை
மூன்று மாச முன்பணம், டாலராக வரவு.
கொடுத்தவர் அமெரிக்கர். ரசீது வேண்டாமென்றார்.’

அன்றைக்கு அங்கே ஓட்டு.
மன்னரா, மந்திரியா.
மந்திரிக்குச் சிவப்புச் சீட்டு, மன்னருக்குப் பச்சை.
அந்த ஊரில் சிவப்பு மங்கலமாம்,
பச்சையைக் கையில் வாங்கவே கூசுமாம்.
என்ன அச்சானது என்று ஆவிச்சி எழுதவில்லை.
பக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை,
சிவப்பு மை.

இங்கே அதே மாசம் காரைக்குடி மில் வாசலில்
ஒரு முழம் சிவப்புத் துணி பறந்ததைக் கேட்டு
பெரியப்பச்சி மூன்று நாள் காரை எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த பக்கம் கை நடுங்கியிருக்கிறது.
‘பட்டியலில் இருந்த தலைகளைவிட
விழுந்த சீட்டு அதிகம் என்று கடைத்தெருவில் பேச்சு.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாம்.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.’
காலணா இடித்தாலும் விளக்கணைக்காத மனுசன்.
குறைந்தால்தான் களவென்று ஊர் நினைக்கும்.
கூடினாலும் களவுதான் என்பது
ஐந்தொகை போட்டவனுக்குத் தெரியும்.

பெரியப்பச்சி பதில், மூன்றே வரி:
‘யார் ஜெயித்தால் என்ன. வாடகை நின்றதா?
அதை எழுதும்.
தலை எண்ண உமக்குச் சம்பளமில்லை.’

நிற்கவில்லை. இருபது வருஷம்.
நடுவில் எத்தனை தளபதி, எத்தனை தேர்தல்,
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முன்பணம்.
உமையாள் கல்யாணத்தில் வளவு நிறையப் பரப்பிய
நாற்பது எனாமல் வாளியும் அதில் வந்தவை.
ஒன்றுகூட இன்னும் ஒழுகவில்லை.

பிறகொரு சித்திரையில் டாங்கி வந்தது.
ஏழாம் பேரேட்டில் பாதி வெறும் தாள்.

குமாஸ்தா பெட்டியை ஓரம் தள்ளினார்.
பதினொரு சீட்டு எழுதி, மடித்து, செம்பிலிட்டுக் குலுக்கியாயிற்று.
தேனம்மையின் மகன் கையை விடப் போனான்.
“எண்ணிட்டீங்களா?” என்றேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தம்பி அருணாசலம் சிரித்துவிட்டான்.
ஆனாலும் செம்பைக் கவிழ்த்து
இன்னொருமுறை எண்ணினோம்.
சரியாகத்தான் இருந்தது.

வாளிகள் எட்டாம் சீட்டில்.
எனக்கு விழுந்தது எட்டு.