பதினோராவது நடை

எர்மிந்தா ஒயார்சூன், வயது அறுபத்து மூன்று.
வல்பரைசோவின் குன்றுகளில்
இருபத்தெட்டு வருடம் தண்ணீர் மீட்டர் பார்த்தவர்.
வலது முழங்கால், உட்பக்கத் தேய்மானம், மூன்றாம் நிலை.
படிவத்தில் இவ்வளவுதான்.

அரைக்கால் சட்டையில் நின்றவர் மேல்
ஒளியைத் திருப்பியடிக்கும் உருண்டைகளை ஒட்டினேன்:
இடுப்பெலும்பு முனையில், சில்லுக்கு இருபுறமும்,
கணுக்காலில், குதிகாலில்.
"விலைச்சீட்டா? என்னை விற்கப் போகிறீர்களா?" என்றார்.
வியர்வையில் ஒன்று கழன்று மேசைக்கடியில் ஓடியது.
எடுக்கக் குனிந்தவர் பாதியில் நின்று
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
அந்தப் பாதியை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

தரையில் பதித்த விசைத்தட்டுகள் இரண்டு.
பார்க்காமல் மிதிக்க வேண்டும்.
குறிவைத்தால் கணக்கு கெடும்.
அவரோ இரும்பு மூடிகளைத் தேடியே நடந்து பழகியவர்.
கண் தானாகத் தாழும், எட்டு குறுகும்,
பாதம் சதுரத்தின் நட்டநடுவில் போய் உட்காரும்.
பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.
பத்து நடையும் வீண்.

"ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள்."
"எதைப் பற்றி?"
"மீட்டர்களைப் பற்றி."

மரிபோசாஸ் குன்றில், நூற்றுப் பதினான்காவது படிக்கு மேல்
ஒரு பச்சைத் தகர வீடு.
ஏப்ரலில் 0482. மேயிலும் 0482.
நுகர்வு இல்லை என்று எழுதிவிட்டு இறங்கினேன்.
ஜூனில் மழை. அதே எண்.
கதவைத் தட்டியிருக்கலாம்.
இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது.
இறங்கும்போதுதான் முதல்முறையாக
இந்தக் கால் சுருக்கென்றது.
ஜூலையில் கதவுக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.
பக்கத்து வீட்டில் அவர் பெயரைச் சொன்னார்கள்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.

சொல்லி முடித்தபோது அறையின் மறுகோடியில் இருந்தார்.
இரண்டு பாதமும் முழுசாகத் தட்டுக்குள்.
கணினி பச்சை காட்டியது.
பதினோராவது நடை: ஏற்கத்தக்கது.

திரையில் புள்ளிகள் மட்டும் நடந்தன,
முகமில்லாமல், வலப்பக்கம் ஒருக்களித்து.
சுமையின் கோடு ஏறி, தாழ்ந்து, மறுபடி ஏறியது.
"இரண்டு குன்று," என்றார்,
"முதலாவது ரொம்பச் செங்குத்து."
அதைக் கொஞ்சம் தணிப்பதுதான்
இனி எங்கள் இருவருக்கும் வேலை.
"உங்கள் அளவில் பிழை எவ்வளவு?"
யாரும் இதுவரை கேட்டதில்லை. சொன்னேன்.
விரல்முட்டியால் சில்லை இருமுறை தட்டினார்.
"சிக்கிக்கொண்ட மீட்டரை இப்படித்தான் எழுப்புவோம்."

பாதத்தின் நுனியை ஏழு பாகை உள்ளே திருப்பு.
கைகொடாமல் நாற்காலியிலிருந்து எழு, பத்து முறை.
தொடைத்தசை நடுங்கும்வரை ரப்பர் பட்டையை இழு.
தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது
என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.
"தெரியும்," என்றார். "மீட்டர் பின்னோக்கி ஓடாது."

பத்தாவது வாரம் ஒரு நோட்டோடு வந்தார்.
தேதி, ஏறிய படி, பத்துக்கு எத்தனை வலி.
ஆறு, ஆறு, ஐந்து,
ஏழு, பக்கத்தில் மழை என்று எழுதியிருந்தது,
ஐந்து, நான்கு.
ஒரு நாளில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக எழுத்து:

படி 114. பச்சை வீடு. தட்டினேன்.
முழங்கைவரை சோப்பு நுரையோடு ஒரு பெண் திறந்தாள்.
என்ன வேண்டும் என்றாள்.
தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.
வருகிறது என்றாள்.

அன்றைய வலிக்கட்டம் காலி.
கேட்டு நிரப்பினேன்:
இறங்கும்போது, ஐந்து.