மேலங்கி அறை

நவம்பரில் பித்தளைக் கம்பிகளைத் துடைத்து வைத்தேன்.
எழுநூறு கொக்கி.
அன்றிலிருந்து பங்குனி வரைக்கும்
வின்னிபெக் நகரத்தின் கலைப் பருவம்
என்னிடம்தான் முதலில் வந்து
பனியை உதறுகிறது.

செவ்வாய்க்கிழமை நாடகம்.
நாடகத்துக்கு வருகிறவர்கள் கறுப்பு உடுத்துவார்கள்,
பைக்குள் இருமல் மிட்டாய் வைத்திருப்பார்கள்,
இருமமாட்டார்கள்.
வெள்ளி, சிம்பொனி:
பூச்சி உருண்டை மணக்கும் கம்பளி.
கணவனின் கோட்டை மனைவி தருவாள்,
தன் கோட்டையும் அவளே தருவாள்.
பாலே நாளில் சின்னச் சின்னக் கோட்டுகள்,
கைநுனியில் நூல் கட்டித் தொங்கும் கையுறைகள்,
ஒரு கொக்கியில் மூன்று போடலாம்.

நான் ஒன்றும் பார்ப்பதில்லை.
இரண்டு கதவு, ஒரு திரைச்சீலை,
அப்புறம் இத்தனை கம்பளி.
இதெல்லாம் தாண்டி எனக்கு வருவது
பெரிய முரசின் அடிவயிறும்
கைதட்டலும் மட்டும்.
கைதட்டலை வைத்தே சொல்லிவிடுவேன்,
எது நன்றாக இருந்தது,
எதற்குச் சீட்டு விலை அதிகம் என்று.

214 மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

டிசம்பர் ஒன்பது, மைனஸ் முப்பத்தொன்று.
இடைவேளையில் யாரோ
கோட்டில்லாமல் படியிறங்கிப் போயிருக்கிறார்.
சாம்பல் நிறம், ஆண் அளவு,
நடுப் பொத்தான் வேறு நூலால் தைத்தது.
பையைப் பார், பெயர் இருக்கும் என்றாள் மேலாளர் ஓல்கா.
பெயர் இல்லை.
அதே இரவுக்கு இரண்டு நுழைவுச்சீட்டு,
பக்கத்துப் பக்கத்து இருக்கை.
ஒன்று கிழித்தது.
மற்றது முழுசு.

இருந்த இடத்திலேயே வைத்துப்
பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு சனி, கர்நாடகக் கச்சேரி.
புயல் எச்சரிக்கை, நெடுஞ்சாலை மூடியாயிற்று.
எழுநூறு இருக்கைக்கு
நாற்பத்திரண்டு கோட்டு.

மிருதங்கக்காரர், குகனேசன் என்று பெயர்,
வாத்தியத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.
"ஹீட்டர் ஊதி ஊதித் தோல் வறண்டு போச்சு.
சுருதி ஏறிக்கொண்டே போகுது.
தொப்பியில போட்ட ரவை அப்பளமாக் காயுது.
கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்திட்டன்.
ஈரம் இருக்கிற அறை
உங்கட ஒன்றுதான்."

உண்மைதான்.
வருகிறவர்களின் தோளில் ஏறி வந்த பனி
இங்கேதான் உருகுகிறது.
தரை நனையும், சுவர் வியர்க்கும்,
ஆறு வருஷமாக இதற்காகத்தான்
ஓல்காவிடம் சண்டை பிடிக்கிறேன்.

மிருதங்கத்துக்கு எந்த எண் கொடுப்பது?
கொக்கியில் தொங்காது.
214ஐ எடுத்து விரித்தேன்.
கைகள் இரண்டும் மரத்தைச் சுற்றி வந்து
முன்னால் கட்டிக்கொண்டன.
யாருடையது என்று கேட்டார்.
வெளியே போயிருக்கிறார் என்றேன்.

அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை.
கோட்டை விலக்கி ஒரு தட்டு.
இன்னும் கொஞ்சம்.
மூடினார்.
குனிந்து, காதை வைத்து, இன்னொரு தட்டு.
வார்களில் கல்லால் இரண்டு அடி.
ஆறாவது தட்டில்
வெறுமனே தொங்கிய
அறுநூற்று ஐம்பத்தெட்டுக் கொக்கியும்
மெல்லக் கிணுகிணுத்தன.

"சேர்ந்திட்டுது."

உள்ளே வாங்கோவன், இடம் கிடக்கு என்றார்.
கோட்டுகளை யார் பார்ப்பது என்றேன்.
அவர் அதற்கு வாதாடவில்லை.
போகிறபோது முதல் கதவுக்கு
ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார்,
இரண்டாவதற்குத் தன் சப்பாத்தை.

தனி ஆவர்த்தனம் வரைக்கும்
நின்றுகொண்டே கேட்டேன்.
முழுசாக.
நாற்பத்திரண்டு பேர் தட்டிய கை
எண்ணிக்கையில் சின்னது.

அப்புறம் 214ஐ உதறித்
திரும்ப மாட்டினேன்.
தோளில் கொஞ்சம் ரவை ஒட்டியிருந்தது.
தட்டிவிடவில்லை.