ஒரே ஒரு திரைச்சீலை

ஏழு நாள் உப்புவெளியில், ஏழு நாள் வீட்டில்.
கலாமாவில் பாதிப் பேருக்கு இதுதான் நாள்காட்டி.
நான் டேங்கர் லாரி ஓட்டுகிறேன்.
நீலத்தில் தொடங்கி மஞ்சளாய்ச் சுண்டும் குளங்களிலிருந்து
லித்தியம் கரைந்த நீரை நிரப்பிக்கொண்டு
அந்தோஃபகாஸ்தா வரை.
எல்லாம் பேட்டரிக்குப் போகிறது என்கிறார்கள்.

நெலிதா காலையில் ஒன்றும் இரவில் இரண்டுமாய்
அதைத்தான் விழுங்குகிறாள்.
"எங்கள் குளத்துச் சரக்கா இது?" என்று டாக்டரைக் கேட்டேன்.
"ஒரு குவளை மொண்டு கொடுத்துவிடாதீர்கள்" என்று
அந்தம்மா சிரித்தார்.
நெலிதா சிரிக்கவில்லை.
அப்போது அவள் சிரிக்கிற காலத்தில் இல்லை.

சிரித்த காலம் ஒன்று இருந்தது.
விடிகாலை மூன்றரைக்கு முகாமுக்கு ஃபோன்:
"எவாரிஸ்தோ, இவ்வளவு பெரிய பாலைவனத்தில்
பனிச்சறுக்குத் தளம் ஒன்றுகூட இல்லை,
யோசித்துப் பார்த்தாயா?"
நாற்பது ஜோடி சறுக்குக் காலணிகள் வந்து இறங்கின.
தவணை இன்னும் ஓடுகிறது.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
முதல் மூன்று நாள் நானும் நம்பினேன்.
அவ்வளவு அழகாய் இருந்தாள்.

ஜூலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்
செப்டம்பரில் தெருவெங்கும் கொடி ஏறியபோதும்
இந்தப் பக்கம் திரும்பவில்லை.
ஊருக்கே முடி வெட்டியவள்
தன் தலையை அலச விடவில்லை.
ஒருநாள் வாளியில் வெந்நீர் வைத்து
நானே அலசினேன்.
கையில் அவள் தலை ஈரத்துணி மூட்டையாய்க் கனத்தது.
"போதும்" என்றாள்.
எது போதும் என்று கேட்கவில்லை. பயம்.
அன்றிரவு சவரக்கத்திகளை எடுத்து
லாரியின் கருவிப்பெட்டியில் பூட்டினேன்.
அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.
சீட்டில் சுழியம் புள்ளி ஏழு என்றிருந்தால்
வழியில் எம்பனாதா வாங்கிக்கொள்வோம்.
தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.
உப்பைக் கூட்டக்கூடாது, குறைக்கவும் கூடாது.
கை நடுங்குகிறது, லேசாய்த்தான்.
கத்தரிக்கோல் பிடித்த கையில்
லேசு என்று ஒன்று கிடையாது.
வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராய்
எர்மிந்தாவின் கடைக்குப் போய்விட்டார்கள்.
நான் மட்டும் மிச்சம்.
என் வலது காதோரம் எப்போதும் அரை விரல் ஏறியிருக்கும்.
முகாமில் கேலி செய்கிறார்கள்.
செய்யட்டும்.

இரவில் கூப்பிட்டால்
சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே
தூங்கினாயா என்று வந்துவிடுகிறது.
எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனைக்கு எழுந்தாய்.
"நீ புருஷனா, வாட்ச்மேனா?"
வைத்துவிட்டாள்.
நியாயம்தான்.
மறுநாளும் கேட்டேன்.

போன வியாழன் வீடு திரும்பினேன்.
ஜன்னலில் புதுத் திரைச்சீலை.
கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு.
சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.
என் அடிவயிற்றில் என்னவோ நழுவியது.
பாட்டைக் கேட்க வேண்டிய காது அதன் வேகத்தை அளந்தது.
கண் மூலை மூலையாய்ப் போய்
பிரிக்காத பெட்டிகளைத் தேடியது.

பார்த்துவிட்டாள்.
அடுப்பை அணைத்தாள்.
கைப்பையிலிருந்து ரசீதை எடுத்து மேசைமேல் வைத்து
உள்ளங்கையால் நீவினாள்.
"ஒன்று. ஒரே ஒரு திரைச்சீலை.
ஆறு மணி நாற்பது நிமிடம் தூங்கினேன்.
சந்தோஷமாய் இருக்கிறேன், எவாரிஸ்தோ.
வெறும் சந்தோஷம்.
அது எப்படி இருக்கும் என்றே உனக்கு மறந்துபோச்சு."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
வரவில்லை.
துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம்.
உதிர்ந்த முடிமேல் ஆரஞ்சாய் வெயில்.
பாட்டை விட்ட இடத்தில் தொடங்காமல்
எங்கோ நடுவிலிருந்து எடுத்தாள்.
வலது காதருகே கத்தரி வந்தபோது
"ஆடாதே" என்றாள்.

யார் ஆடியது என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.